மாங்காட்டில் போர்ஷன் வீடு: முன்பணத்தை எங்கே புரட்டுவது?

"கீழே நாம இருக்கலாம், மேலே ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விடலாம், டியூவை வாடகையே கட்டிடும்." சென்னை அருகே மாங்காடு பக்கம் வீடு பார்க்கிறவர்கள் பலரும் போடும் கணக்கு இது. நல்ல ஆசைதான். ஆனால் கணக்கு முதல் வரியிலேயே, அதாவது முன்பணத்திலேயே, இடறுகிறது.

வீட்டுக் கடன் 30 லட்சம் ரூபாய் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் தரலாம் என்கிறது ரிசர்வ் வங்கி விதி. 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75. அமெரிக்காவில் எஃப்எச்ஏ என்ற அரசு அமைப்பின் காப்பீட்டுக் கடனில், வாங்குகிறவரும் அங்கேயே குடியிருந்தால், நான்கு குடியிருப்புகள் வரை உள்ள கட்டடத்தை 3.5 சதவீத முன்பணத்தில் வாங்கலாம். இங்கே அப்படி ஒரு வழி இல்லை.

60 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு என்று வையுங்கள். வங்கி அதிகபட்சம் 48 லட்சம் தரும். மீதி 12 லட்சத்தோடு முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9 சதவீதம், அதாவது 5.4 லட்சம். வீட்டு மதிப்பில் வங்கி இதைச் சேர்க்காது. ஆக, கையில் 17.4 லட்சம் வேண்டும். 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குத் தவணை மாதம் சுமார் 41,650 ரூபாய். இரண்டு போர்ஷனும் தலா 9,000 தந்தாலும் 23,650 ரூபாய் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். போர்ஷன் காலியாகக் கிடக்கும் மாதங்களும் உண்டு.

குறையும் தொகைக்குப் பலர் நாடுவது போக்கியம். குடிவருபவரிடம் சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் விடுவது. எனக்குப் பெரும் கவலை இதில்தான். வாடகையை நம்பி வாங்கிய வீட்டில் வாடகையே நின்றுபோகிறது, தவணை நிற்பதில்லை. போக்கியக் காலம் முடிந்ததும் அந்த லட்சங்களைத் திருப்பியும் தர வேண்டும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டைக் கையகப்படுத்தலாம். அப்போது பதிவு செய்யாத ஒப்பந்தத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் போக்கியக்காரரின் பணம் சிக்கிக்கொள்ளும்.

போக்கியத்துக்குப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். வங்கியின் அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். வாங்குகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: 17 லட்சம் சேராதவரை ஒரே ஒரு போர்ஷன் உள்ள சின்ன வீட்டைப் பாருங்கள், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருஷம் சேமியுங்கள்.