சென்னையில் பல் கட்டிக்கொண்டு அந்தமான் திரும்புமுன்

அந்தமான் தமிழர்களில் பலர் பல்லுக்குப் பெரிய வைத்தியம் என்றால், ‘மெயின்லேண்ட் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். பிறகு கல்யாணத்துக்குச் சென்னை போன கையோடு ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்க்கிறார்கள். பல் அந்த அவசரத்துக்கு இடங்கொடுக்காது. வேர் சிகிச்சைக்கே சிலர் இரண்டு மூன்று முறை போகவேண்டியிருக்கும். இம்ப்ளான்ட் தாடை எலும்போடு சேரப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பாதியில் கிளம்பி, தற்காலிகமாக அடைத்தது உதிர்ந்துவிட்டால், கப்பலை நம்பியிருப்பவருக்குச் சென்னை ஏறக்குறைய மூன்று நாள் தூரம். எத்தனை முறை வரவேண்டும், இடையில் எவ்வளவு காலம், மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.

சுத்தத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சமே வேண்டாம். வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்து, 8 பேர் இறந்தார்கள். 2023-ல் தெரியவந்த கொடுமை இது. சலைன் பாட்டிலைச் சுத்தமற்ற அறுவைக் கருவியால் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியதை 2025-ல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. பாட்டில் புதிதா, கருவிகளின் உறை உங்கள் கண்முன் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடலாம்.

ஊர் திரும்பியபின் கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் சென்னைக்கு டிக்கெட் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உயிருக்கே ஆபத்தான அறிகுறி அது. ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கும், கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனைக்கும் உடனே போங்கள்.

வைத்தியத்தில் அலட்சியம் நடந்திருந்தால் என்ன வழி? காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை இதில் சேராது. முன்பெல்லாம் சென்னை வைத்தியர்மீது வழக்கென்றால் சென்னைக்கே அலையவேண்டும். தீவுக்காரர்கள் பலர் இதை நினைத்தே பேசாமல் இருந்துவிடுவார்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க அனுமதிக்கிறது. சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் கொடுக்கலாம், காணொலியில் விசாரிக்கும்படி விண்ணப்பிக்கலாம். கெடு இரண்டு ஆண்டு. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. வைத்தியரின் தொழில் நடத்தை பற்றிய புகார் என்றால் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலுக்கு எழுதவேண்டும்.

ஆனால் வலி தீரவில்லை என்பது மட்டும் அலட்சியத்துக்குச் சான்றாகாது. பில், எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் கப்பல் ஏறுமுன் கேட்டு வாங்குங்கள். அவற்றைப் பெறுவது உங்கள் உரிமை. கோளாறு தெரிந்ததும் இங்கே வேறொரு பல் மருத்துவரிடம் காட்டி, புது எக்ஸ்ரேயோடு அவர் கருத்தை எழுத்தில் பெறுங்கள். கழன்று விழுந்த கேப்பையும் எறிந்துவிட வேண்டாம், அதுவும் சாட்சிதான்.