கன்டெய்னர் காவலுக்கு ஒரு பரீட்சை

திருவனந்தபுரத்தில் கன்டெய்னர் என்றால் இப்போது விழிஞம்தான் ஞாபகம் வரும். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் அங்கே வந்ததிலிருந்து இரும்புப் பெட்டிகளைப் பற்றியே பேச்சு. ஆனால், நகரின் வடக்கே கழக்கூட்டத்தில், 1990ல் தொடங்கிய டெக்னோபார்க்கில், கண்ணுக்குத் தெரியாத வேறொரு கன்டெய்னர் புழங்குகிறது. நாகர்கோவில், குழித்துறைப் பக்கமிருந்து ரயிலில் வந்து போகிறவர்களும், அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுமான நம் இளைஞர்கள் சிலர் இரவில் கண் விழிப்பது அதைக் காவல் காக்கும் பரீட்சைக்காகத்தான்.

ஒரு புரோகிராமையும் அது ஓடத் தேவையான சாமான்களையும் ஒன்றாகக் கட்டி வைத்த பொட்டலம் அது. கப்பலிலிருந்து லாரிக்கும் லாரியிலிருந்து வாகனுக்கும் பிரிக்காமல் மாறும் பெட்டியைப் போல, எந்தக் கம்ப்யூட்டரில் வைத்தாலும் ஒரே மாதிரி ஓடும். பல கம்ப்யூட்டர்களை ஒரு கூட்டமாகச் சேர்த்து, அவற்றில் ஆயிரக்கணக்கான பெட்டிகளை மேய்ப்பதற்கு 2014ல் கூகுள் நிறுவனம் வெளியிட்டது குபர்நெட்டீஸ். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள்.

சுக்கானை அந்நியன் பிடித்தால்? அமெரிக்காவின் டெஸ்லா கார் கம்பெனிக்கு அப்படித்தான் ஆயிற்று. அதன் குபர்நெட்டீஸ் நிர்வாகத் திரைக்குக் கடவுச்சொல்லே போடாமல் விட்டிருந்தார்கள். வெளியாட்கள் உள்ளே புகுந்து, கம்பெனி செலவில் கிரிப்டோ நாணயம் தயாரித்துக்கொண்டிருந்தது 2018ல் வெளிவந்தது. திருடன் பூட்டை உடைக்கவில்லை; பூட்டே இல்லை.

இத்தகைய காவல் வேலைக்குத்தான் ஸி.கே.எஸ். என்ற பரீட்சை 2020ல் வந்தது. முதலில் ஸி.கே.ஏ. என்ற நிர்வாகப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். கட்டணம் டாலரில்தான். நம் பணத்தில் முப்பதாயிரத்தைத் தாண்டும். மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைக்கு இது சின்னத் தொகையா? தவறினால் கூடுதல் கட்டணமின்றி இன்னொரு முறை எழுதலாம் என்பது ஒன்றே ஆறுதல்.

இரண்டு மணி நேரம். பதினைந்து முதல் இருபது கேள்விகள். விடையைக் குறிப்பதல்ல, ஓடுகிற கம்ப்யூட்டரில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். நூற்றுக்கு 67 வாங்கினால் தேர்ச்சி. குபர்நெட்டீஸின் அதிகாரபூர்வக் கையேட்டைத் திறந்து பார்க்கலாம். இதைக் கேட்டு அசட்டையாக இருப்பவர்கள், நம் ஆபீஸ்களில் புத்தகம் பார்த்து எழுதும் துறைத் தேர்வில் ஏன் இத்தனை பேர் தவறுகிறார்கள் என்று யோசிக்கட்டும். எந்தப் பக்கம் என்று தேடுவதற்குள் கேள்விக்குரிய ஆறேழு நிமிடம் போய்விடும்.

ஆகவே கைப்பழக்கம்தான் படிப்பு. குபர்நெட்டீஸில் பெட்டிகள் யாரோடும் தடையின்றிப் பேசலாம் என்பதுதான் தொடக்க நிலை. தேவையான வழியை மட்டும் விட்டு மற்றதை அடைக்கப் பழக வேண்டும். யார் யாருக்கு எந்த அதிகாரம் என்று அளந்து கொடுக்க வேண்டும். பொட்டலத்துக்குள் ஓட்டை இருக்கிறதா என்று டிரிவி என்ற கருவியால் சோதிக்கவும், ஓடும்போது நடக்கும் விஷமத்தை ஃபால்கோவால் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும். தலைமைப் புரோகிராமின் பைலில் ஓர் இடைவெளி தவறினாலும் அது எழுந்து வராது, நிமிடங்கள் கரையும். கை வைக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைக்கும் வழக்கம் விரலிலேயே ஊற வேண்டும். இதற்கெல்லாம் தனிக் கம்ப்யூட்டர்கள் வேண்டாம். சொந்த லேப்டாப்பிலேயே மினிக்யூப் என்ற இலவசப் புரோகிராமைப் போட்டுப் பெரும்பகுதியைப் பழகலாம். பரீட்சைக்குப் பணம் கட்டியவர்களுக்கு இரண்டு ஒத்திகை வாய்ப்புகளும் உண்டு. அவற்றை முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுவது புத்திசாலித்தனமல்ல.

அறைத் தோழர் விட்டுப்போன பழைய நோட்ஸை நம்புவது ஆபத்து. பாட் செக்யூரிட்டி பாலிஸி என்ற பாடத்தை உருப்போட்டவர்கள் உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த பதிப்பிலேயே அந்த வசதி நீக்கப்பட்டுவிட்டது.

நம்மவர்களுக்கு வேறு இரண்டு தொல்லைகள். ஒன்று பெயர். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அடையாளச் சீட்டிலுள்ள பெயரும் பொருந்த வேண்டும். ஸ்கூல் ஸர்டிபிகேட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுசாக என்றிருப்பவர்கள், காட்டப்போகும் சீட்டில் உள்ளபடியே பதிவு செய்வது நல்லது.

மற்றது இடம். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கேமரா வழியே மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார். மேஜையில் காகிதம் கூடாது, அறைக்குள் வேறு ஆள் வரக் கூடாது, வாய்விட்டுப் படிக்கக் கூடாது. தண்ணீர்கூட லேபிள் இல்லாத, உள்ளே தெரிகிற பாட்டிலில்தான். மூன்று பேர் சேர்ந்து குடியிருக்கும் அறையில் இது நடக்கிற காரியமா? தோழர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த இரண்டு மணி நேரத்துக்கும் அதற்கு முந்தைய சோதனை நேரத்துக்கும் அவர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். பணம் கட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் எழுதினால் போதும் என்பதால், எல்லோரும் ஊருக்குப் போகும் பொங்கல், தீபாவளி விடுமுறையையே தேதியாக வைத்துக்கொள்ளலாம்.

முடிவு 24 மணி நேரத்தில் இமெயிலில் வரும். ஸர்டிபிகேட் செல்லுபடியாவது இரண்டு ஆண்டு. பிறகு மறுபடியும் எழுத வேண்டும்.