சோளத்துக்கு நடுவே தட்டைப்பயறு

எட்டாம் வகுப்பில் வேர் முண்டுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாடு வளர்க்கும் வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். "எங்க காட்டுல மாட்டுக்குச் சோளம் வெதைக்கிறப்ப நடுவுல தட்டைப்பயறும் போடுவாங்க டீச்சர். அந்தப் பயறு சோளத்துக்கு உரம் கொடுத்துருமா?"

ஆமாம் என்றேன். பல ஆண்டுகளாக அப்படித்தான் சொல்லி வந்தேன். அது பாதி உண்மைதான் என்பது பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது.

ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. ஆனால், அதில் பெரும்பகுதி அந்தப் பயற்றுச் செடிக்கே போய்விடுகிறது. அருகில் நிற்கும் சோளத்துக்கு அதே பருவத்தில் கிடைப்பது பெரும்பாலும் சிறிதளவே. மண்ணிலுள்ள நைட்ரஜனுக்குப் பயறு அதிகம் போட்டியிடாது என்பதே சோளத்துக்கு உடனடி நன்மை. நிலத்தில் தங்கும் வேரும் உதிர்ந்த இலையும் மக்கிய பிறகு, அடுத்து வரும் பயிருக்குச் சத்து சேரும்.

அப்படியென்றால் ஊடுபயிர் எதற்கு? பதில் தொழுவத்தில் இருக்கிறது. மாடு நாரைத் தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் வயிற்றில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் செரித்துக் கொடுக்கின்றன. அவை பெருக நைட்ரஜன் வேண்டும். சோளத்தட்டில் புரதம் குறைவு. அதை மட்டுமே தின்னும் மாட்டுக்கு வயிறு நிறையும். ஆனால் நார் மெதுவாகவே செரிக்கும், அதனால் தின்னும் அளவும் குறையும், பாலும் குறையும். புரதம் மிகுந்த தட்டைப்பயற்றுக் கொடி சேரும்போது சோளத்தின் நாரும் நன்றாகச் செரிக்கிறது. பால் ஊற்றிய காசில் நோட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு இது வெறும் பாடமல்ல.

பொதுவாக 3 வரிசை சோளம் அல்லது மக்காச்சோளத்துக்கு 1 வரிசை தட்டைப்பயறு விதைத்து, சோளம் பூக்கும் தருணத்தில் இரண்டையும் சேர்த்தே அறுப்பார்கள். இளஞ்சோளத்தில் மாட்டை மேயவிடக் கூடாது என்பதை நம் மாணவர்கள் பலர் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். மாட்டின் வயிற்றில் சயனைடாக மாறும் பொருள் அதில் மிகுதி. காரணத்தை நாம் சொல்லிக் கொடுக்கலாம்.

வகுப்புக்கு 35, 40 நாள் வயதுள்ள தட்டைப்பயற்றுச் செடி ஒன்று போதும். பிடுங்கினால் முண்டுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்ணோடு தோண்டி எடுத்து நீரில் அலச வேண்டும். முண்டை ஆசிரியரே பிளேடால் நறுக்கட்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. யூரியா மிகுதியாக விழுந்த இடத்துச் செடியில் முண்டுகள் குறைவாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் மாணவர்களே காரணம் கேட்பார்கள்.

அடுத்த வாரம் வகுப்பில் என் பழைய பதிலைத் திருத்திச் சொன்னேன். அந்த மாணவி சிரித்தாள். "அப்பாவும் அதத்தான் சொன்னாரு டீச்சர். பயறு போட்டாலும் சோளத்துக்குக் கொஞ்சம் எருவு போட்டாத்தான் ஆகுமாம்."