ஆளுங்கட்சிக்குள்ளேயே போருக்கு எதிர்ப்பு எழுந்தால் என்ன ஆகும்?

ஓர் அரசு போருக்குக் கிளம்பும்போது எதிர்க்கட்சி எதிர்த்தால் யாரும் வியப்பதில்லை. பிரதமருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களே எழுந்து "கூடாது" என்றால்? பிரிட்டனில் 2003-ல் அதுதான் நடந்தது. அதைப் பார்த்தாலே இந்த விஷயத்தின் உள்ளும் புறமும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

என்ன நடந்தது? ஆட்சியில் இருந்தது தொழிலாளர் கட்சி. பிரதமர் டோனி பிளேர், அமெரிக்காவோடு சேர்ந்து ஈராக்மீது படையெடுக்க முடிவு செய்தார். மார்ச் 18 அன்று காமன்ஸ் சபையில் (பிரிட்டன் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவை) வாக்கெடுப்பு நடந்தது. போருக்கான காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற திருத்தத்துக்கு 217 பேர் ஆதரவு தந்தார்கள். அவர்களில் 139 பேர் பிளேரின் சொந்தக் கட்சிக்காரர்கள்.

அப்படியானால் போர் நின்றிருக்க வேண்டுமே? நிற்கவில்லை. முதன்மை எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி போரை ஆதரித்தது. அரசின் தீர்மானம் 412-க்கு 149 என்று எளிதாக நிறைவேறியது. கன்சர்வேட்டிவ்கள் எதிர்த்து வாக்களித்திருந்தால் பிளேர் தோற்றிருப்பார். சொந்தக் கட்சியில் எத்தனை பேர் முரண்டு பிடிக்கிறார்கள் என்பதோடு, எதிர்வரிசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

இடதுசாரிகள் எதிர்த்தார்கள், மற்றவர்கள் ஆதரித்தார்கள், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அப்படிச் சொல்வது வசதியானது, ஆனால் சரியில்லை. வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஆன் குளூயிட் இடதுசாரிச் சாய்வு உள்ளவர். சதாம் உசேன் ஆட்சியில் குர்து மக்கள் பட்ட கொடுமைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசி வந்தவர். அவர் போரை ஆதரித்தார். எதிர்த்துப் பதவி விலகிய ராபின் குக், போர் என்றாலே ஒதுங்குபவர் அல்ல. 1999-ல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது கொசோவோவுக்காக நடந்த குண்டுவீச்சை முன்னின்று ஆதரித்தவர் அவர்.

பிறகு எதில்தான் பிளவு? கொடுங்கோலனிடமிருந்து மக்களைக் காப்பது நம் கடமை என்றது ஒரு தரப்பு. ஐ.நா.வோ நேட்டோவோ ஐரோப்பிய ஒன்றியமோ துணை நிற்காத போரில் இறங்கக்கூடாது என்றது இன்னொரு தரப்பு. கொசோவோவில் நேட்டோவும் ஐரோப்பிய ஒன்றியமும் நம்மோடு இருந்தன, இப்போது யார் இருக்கிறார்கள் என்பதே குக்கின் கேள்வி. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அரசு சொன்னதையும் அவர் நம்பவில்லை. பிறகு ஈராக் முழுக்கத் தேடியும் அவை அகப்படவில்லை. இவர்கள் தவிர, எந்தப் போரும் வேண்டாம் என்ற பழைய மரபினரும் கட்சியில் இருந்தார்கள். 1914-ல் முதல் உலகப் போரை எதிர்த்து ராம்சே மெக்டொனால்ட் நாடாளுமன்றக் கட்சித் தலைமையை விட்டு விலகிய காலத்திலிருந்து வரும் மரபு அது.

எதிர்ப்பவர் பதவி விலகித்தான் ஆக வேண்டுமா? அமைச்சர் என்றால் ஆம். அரசின் முடிவை வெளியில் எதிர்த்துக்கொண்டே அமைச்சராக நீடிக்க முடியாது. குக் வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் விலகினார். கைதட்டும் வழக்கமே இல்லாத அந்த அவையில், அன்று அவர் பேசி முடித்ததும் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். இன்னோர் அமைச்சரான கிளேர் ஷார்ட் விலகப்போவதாக எச்சரித்துவிட்டுத் தங்கிவிட்டார். மே மாதம்தான் விலகினார். முதலில் விலகியவரின் சொல்லுக்குத்தான் மதிப்பு கூடியது என்பேன்.

சாதாரண உறுப்பினருக்கு என்ன ஆகும்? இங்கேதான் நம் ஊர் வாசகருக்குச் சந்தேகம் வரும். கொறடா உத்தரவை (இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கட்டளை) மீறினால் பதவி போய்விடாதா? பிரிட்டனில் போகாது. கட்சி கோபித்துக்கொள்ளலாம், விலக்கியும் வைக்கலாம், தொகுதி அவருடையதே. 139 பேர் துணிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தோற்றுப்போன எதிர்ப்பால் என்ன பயன்? பயன் மெல்ல வந்தது. 2005 தேர்தலில் தொழிலாளர் கட்சி வென்றாலும் அதன் பெரும்பான்மை 167-லிருந்து 66-ஆகச் சுருங்கியது. 2003-ல் எதிர்த்து வாக்களித்த ஜெரமி கோர்பின் 2015-ல் கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டு போர் குறித்த சில்காட் விசாரணை அறிக்கை வந்தபோது கட்சியின் சார்பில் மன்னிப்பும் கேட்டார். இன்னொன்று: படை அனுப்ப அவையின் ஒப்புதல் வேண்டும் என்று பிரிட்டன் சட்டம் சொல்வதில்லை. ஆனால் 2003-க்குப் பிறகு அவையைக் கேட்பது வழக்கமாயிற்று. 2013-ல் சிரியா மீதான தாக்குதலுக்கு அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் ஒப்புதல் கேட்டார். 285-க்கு 272 என்று தோற்றார். அவரைத் தோற்கடித்தவர்களில் சொந்தக் கட்சியினரும் இருந்தார்கள். அவரும் தாக்குதலைக் கைவிட்டார்.

சரி, இந்தியாவில் இப்படி நடக்குமா? இங்கேயும் போர் முடிவு அமைச்சரவையுடையது. நாடாளுமன்ற வாக்கெடுப்பு கட்டாயமில்லை. வாக்கெடுப்பே வந்தாலும், 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறும் எம்.பி.யைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் அவர் பதவியிழக்க நேரலாம். ஆட்சி நிலைக்குமா என்பது போன்ற நம்பிக்கை வாக்கெடுப்புகளுக்கு மட்டும் இந்தத் தண்டனை போதும் என்று 1990-ல் தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை.

அதனால் உங்கள் எம்.பி.யின் வாக்கை மட்டும் வைத்து அவர் மனதைக் கணிக்காதீர்கள். அவர் அவையில் பேசினாரா, எதைக் கேள்வியாக எழுப்பினார், வாக்கெடுப்பு நாளில் வந்தாரா என்று பாருங்கள். அவைப் பேச்சுகளும் கேள்விகளும் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயர்வாரியாகக் கிடைக்கின்றன.