கறுப்பு எண்ணெய்

கேமரன் மலையில் பொழுது விடியும் முன்பே வாகனங்களின் உறுமல் கேட்கத் தொடங்கிவிடும். கம்போங் ராஜா, பிரிஞ்சாங் போன்ற இடங்களில் உள்ள தோட்டங்களிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, பிக்கப் வாகனங்கள் குறுகிய மலைப்பாதைகளில் ஏறி இறங்கும். செம்பனைத் தோட்டங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் இவ்வகை வாகனங்களைக் காணலாம். இவற்றுள் பெரும்பாலானவை டீசலில் இயங்குபவை. பாதி வழியில் இவை பழுதாகி நின்றால் ஏற்றிய காய்கறி வாடிவிடும். அன்றைய வருமானமும் போய்விடும். இத்தகைய வாகனத்தின் ஆயுளை நீட்டிக்கும் பராமரிப்புப் பணிகளுள் எளியதும் முதன்மையானதும் இயந்திர எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதாகும்.

இயந்திர எண்ணெயை நம் நாட்டில் மலாய்மொழியில் ‘மிஞ்ஞாக் ஹீத்தாம்’ என்று அழைப்பர். ‘கறுப்பு எண்ணெய்’ என்பது அதன் பொருள். ஆனால், கடையில் வாங்கும் புதிய எண்ணெய் கறுப்பாக இருப்பதில்லை. தேனைப் போன்ற நிறத்தில் தெளிவாக இருக்கும். டீசல் வாகனத்தில் ஊற்றிய சில நாள்களிலேயே அது மையைப் போலக் கறுத்துவிடும். ‘நேற்றுத்தானே மாற்றினோம், அதற்குள் கறுத்துவிட்டதே! பட்டறையில் பழைய எண்ணெயையே ஊற்றிவிட்டார்களோ?’ என்று சிலர் ஐயப்படுவதுண்டு. அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் இந்த ஐயம் நீங்கும்.

இயந்திரத்தின் உள்ளே உலோகப் பாகங்கள் மிகுந்த வேகத்தில் ஒன்றோடொன்று உரசி இயங்குகின்றன. அவற்றின் இடையே எண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி உராய்வைக் குறைக்கிறது, வெப்பத்தை ஏந்திச் செல்கிறது, துருப்பிடிக்காமல் காக்கிறது. இவற்றோடு, உள்ளே சேரும் அழுக்கைக் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்வதும் எண்ணெயின் கடமையாகும். டீசல் இயந்திரத்தில் இந்தக் கடைசிப் பணி மிகவும் கடினமானது.

டீசல் இயந்திரத்தை உருவாக்கியவர் ருடால்ஃப் டீசல் என்னும் பொறியியலாளர். 1897ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இயந்திரம் வெற்றிகரமாக இயங்கிக் காட்டியது. பெட்ரோல் இயந்திரத்தில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்தில் அத்தகைய மின்பொறி இல்லை. உருளையின் உள்ளே இருக்கும் காற்றைப் பிஸ்டன் மிகக் கடுமையாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகிறது. அப்போது நுண்துளிகளாகப் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது. ஒவ்வொரு துளியோடும் காற்று முழுமையாகக் கலப்பதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. ஆகவே, முழுமையாக எரியாத பகுதி நுண்ணிய புகைக்கரியாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டனின் ஓரமாகக் கசிந்து, கீழே உள்ள எண்ணெயில் கலக்கிறது.

எண்ணெயில் சேர்க்கப்பட்டுள்ள வேதிப்பொருள்கள் அந்தக் கரித்துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகிவிடாமல் தனித்தனியே மிதக்க வைக்கின்றன. எனவே, எண்ணெய் கறுப்பது அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. தன் வேலையைச் செய்கிறது என்பதன் அடையாளம். கரி இயந்திரத்தின் சுவர்களில் படியாமல் எண்ணெயில் தங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

அப்படியானால், எண்ணெயை மாற்றவே வேண்டாமா? நிச்சயமாக மாற்ற வேண்டும். கரியை ஏந்தும் ஆற்றலுக்கு எல்லை உண்டு. எரிதலின்போது உண்டாகும் அமிலங்களைச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருளும் நாளடைவில் தீர்ந்துபோகும். அதன்பிறகு எண்ணெய் தடித்துக் குழம்பாகி, நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். முதலில் பாதிக்கப்படும் பாகங்களுள் ஒன்று டர்போ ஆகும். அதன் தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியது. எண்ணெய்ப் படலத்தின் மீதே அது மிதந்து சுழல்கிறது. எண்ணெய் சரியாகச் சென்று சேராவிட்டால் அது விரைவிலேயே தேய்ந்துவிடும். நிறம் இதையெல்லாம் காட்டாது. அதனால்தான், மாற்ற வேண்டிய நேரத்தைக் கண்ணால் கணிக்காமல், ஓடிய தொலைவையும் கடந்த மாதங்களையும் கொண்டு முடிவு செய்கின்றனர். வாகனக் கையேட்டில் இவ்விரண்டும் குறிக்கப்பட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதையே பின்பற்ற வேண்டும். அதிகச் சுமை, மலைப்பாதை, புழுதி ஆகியவற்றில் உழைக்கும் வாகனத்திற்கு இக்கால அளவு மேலும் குறையும்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. புட்டியின் மீது ‘5டபிள்யூ-30’ என்பதுபோல் எழுதப்பட்டிருக்கும். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முதல் எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது. இரண்டாம் எண், இயந்திரம் சூடான பிறகு எண்ணெய் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. டீசல் துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட புதிய வாகனங்களுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் தேவைப்படும். தவறான எண்ணெயை ஊற்றினால் அந்த வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். கையேடு கூறும் தரத்தை அப்படியே பின்பற்றுவதே பாதுகாப்பானது.

எண்ணெய் மாற்றும் பணி சமதளத்தில் தொடங்குகிறது. கைத்தடையை இழுத்து, சக்கரங்கள் உருளாதவாறு கட்டைகளை வைக்க வேண்டும். பிறகு, இயந்திரத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் எளிதாக வழியும். கரியையும் தன்னோடு வெளியே கொண்டுவரும். நெடுந்தொலைவு ஓடிவந்த வாகனமாயின், எண்ணெய் தோலைச் சுட்டுவிடும் அளவிற்குக் கொதிக்கும். அது ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். பிக்கப் வாகனம் உயரமானது என்பதால், பெரும்பாலும் அதனைத் தூக்காமலேயே அடியில் படுத்து வேலை செய்யலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமெனில், உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்து, மேலே உள்ள எண்ணெய் மூடியைத் திறந்து, கீழே அகன்ற பாத்திரம் ஒன்றை வைக்க வேண்டும். சிறிய மகிழுந்துக்கு மூன்று அல்லது நான்கு லிட்டர் எண்ணெய் போதும். டீசல் பிக்கப் வாகனங்கள் பலவற்றுக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் வரை தேவைப்படும். ஆகவே, பத்து லிட்டர் கொள்ளும் பாத்திரமே ஏற்றது. கையுறை அணிந்துகொண்டு, எண்ணெய்த் தொட்டியின் அடியில் உள்ள திருகாணியைக் கழற்றினால் பழைய எண்ணெய் கொட்டத் தொடங்கும். அது சொட்டுச் சொட்டாக நின்ற பிறகு, திருகாணிக்குப் புதிய வாஷர் போட்டு மீண்டும் முடுக்க வேண்டும். தளர்வாக இருந்தால் எண்ணெய் கசியும். பலங்கொண்ட மட்டும் முடுக்கினால் மரை அழிந்துவிடும். கையேடு கூறும் இறுக்கமே சரியான இறுக்கம்.

பின்னர் எண்ணெய் வடிகட்டியை மாற்ற வேண்டும். பழைய வடிகட்டியைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையம் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா எனப் பார்ப்பது மிக முக்கியம். பழைய வளையத்தின் மீதே புதிய வளையம் அமர்ந்தால், எண்ணெய் அழுத்தம் ஏறியவுடன் அது பிதுங்கி, எண்ணெய் முழுவதும் பீறிட்டு வெளியேறிவிடும். புதிய வளையத்தில் சிறிது புதிய எண்ணெயைத் தடவி, வடிகட்டியைக் கையாலேயே முடுக்க வேண்டும்.

இறுதியாக, புதிய எண்ணெயைக் கையேடு கூறும் அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்ற வேண்டும். இயந்திரத்தை முடுக்கியதும் எண்ணெய் எச்சரிக்கை விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அதுவரை வேக மிதியை அழுத்தக்கூடாது. ஏனெனில், டர்போவிற்கு எண்ணெய் இன்னும் சென்று சேர்ந்திராது. சிறிது நேரத்திற்குப் பின் இயந்திரத்தை நிறுத்தி, எண்ணெய் கீழே இறங்கும்வரை காத்திருந்து அளவுக்கம்பியால் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கு இடையே இருக்கும்படி நிரப்ப வேண்டும். அளவு மிகுந்தாலும் தீமையே. சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையால் பாகங்களைக் காக்க இயலாது. அடியில் கசிவு இல்லை என்பதை உறுதி செய்தபின், ஓடிய தொலைவையும் தேதியையும் குறித்து வைக்க வேண்டும்.

வாகனத்தைப் பொறுத்தவரையில் வேலை முடிந்தது. ஆனால், பாத்திரத்தில் இன்னும் ஏழெட்டு லிட்டர் கறுப்பு எண்ணெய் இருக்கிறதே! சிலர் அதைக் கால்வாயில் ஊற்றுகின்றனர். சிலர் புல்லை அழிக்கத் தெளிக்கின்றனர். கரையான் அரிக்காமலிருக்க வேலிக்கம்பங்களில் பூசுவோரும் உண்டு. அந்த எண்ணெயில் கரி மட்டுமன்றித் தேய்ந்த உலோகத் துகள்களும் நச்சு வேதிப்பொருள்களும் கலந்துள்ளன. மழை பெய்தால் அவை ஆற்றை அடையும். கேமரன் மலையில் கால்வாயில் ஊற்றிய எண்ணெய் பெர்த்தாம் ஆற்றில் கலந்து, ரிங்லெட் ஏரிவரை செல்லக்கூடும். நீரின் மேல் படரும் எண்ணெய்ப் படலம் காற்றும் ஒளியும் உள்ளே செல்வதைத் தடுத்து நீர்வாழ் உயிரினங்களை வதைக்கும். ஒரு முறை மாற்றப்படும் பழைய எண்ணெய் பத்து இலட்சம் கேலன் நன்னீரை மாசுபடுத்த வல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது.

மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி, பயன்படுத்திய மசகு எண்ணெய் அட்டவணைக் கழிவாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அதன் குறியீடு எஸ்.டபிள்யூ. 305. பட்டறைகளில் சேரும் பழைய எண்ணெயை உரிமம் பெற்ற நிறுவனங்களே எடுத்துச் செல்ல வேண்டும். முறையாகச் சுத்திகரித்தால் அதிலிருந்து மீண்டும் மசகு எண்ணெய் தயாரிக்கலாம். வீட்டில் எண்ணெய் மாற்றுவோர், பழைய எண்ணெயைக் கசியாத கலனில் ஊற்றி மூடி, அதனை ஏற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைப்பதே முறை. வேறு எந்தத் திரவத்தையும் அதனுடன் கலக்கக்கூடாது. கலந்தால் அதனைச் சுத்திகரிப்பது கடினமாகிவிடும். பழைய வடிகட்டியையும் எண்ணெய் துடைத்த துணியையும் குப்பைத்தொட்டியில் வீசாமல் அங்கேயே ஒப்படைக்க வேண்டும்.

தேன் நிறத்தில் உள்ளே சென்ற எண்ணெய், இயந்திரத்தின் அழுக்கையெல்லாம் தான் சுமந்துகொண்டு கறுப்பாக வெளியே வருகிறது. இயந்திரத்திலிருந்து நீக்கிய அழுக்கை ஆற்றில் சேர்த்தால், அழுக்கு இடம் மாறியதே தவிர ஒழிந்ததாகாது. எனவே, திருகாணியை முடுக்கியதோடு எண்ணெய் மாற்றும் பணி முடிவதில்லை. பழைய எண்ணெய் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்த பிறகே அது நிறைவு பெறுகிறது.