கடலுக்குப் பூட்டு போட்டால் பவளம் பிழைக்குமா?

2011 ஜனவரி. தாய்லாந்தின் அந்தமான் கரையில் டைவிங் சீசன் களைகட்டியிருந்த நேரம். நாட்டின் ஏழு கடல்சார் தேசியப் பூங்காக்களில் 18 டைவிங் இடங்களை மூடுவதாக அரசு அறிவித்தது. உலகெங்குமிருந்து டைவர்களை இழுக்கும் சுரின், சிமிலான் தீவுகளின் சில இடங்களும் பட்டியலில் இருந்தன. முந்தைய ஆண்டுக் கோடையில் கடல் நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி, வாரக்கணக்கில் இறங்காமல் நின்றது. அதில் அந்தப் பகுதியின் பவளப்பாறைகள் பெருமளவில் வெளிறிப்போயிருந்தன.

கடல் சூடானதற்கு டைவர் என்ன செய்வார்? படகுக்காரர் பிழைப்பில் ஏன் கை வைக்க வேண்டும்? இந்தக் கேள்விகளை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பார்வைக்குக் கல்லாகத் தெரியும் பவளப்பாறையின் மேற்பரப்பு முழுக்க பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள். அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாலிப்புக்கு வேண்டிய ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட, அந்தப் பாசிகள் சூரிய ஒளியில் தயாரிக்கும் உணவிலிருந்தே கிடைக்கிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் அவைதான் காரணம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தால் போதும். பாலிப்புகள் பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. திசு வழியே உள்ளிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிகிறது. அந்த நிலையிலும் பவளத்துக்கு உயிர் இருக்கிறது; பட்டினிதான் கிடக்கிறது. நீர் குளிர்ந்து பாசிகள் பெருகினால் பிழைத்துக்கொள்ளும்.

டைவர் கணக்கில் வருவது இந்தப் பட்டினிக் காலத்தில்தான். மிதப்பைக் கட்டுப்படுத்தச் சரியாகப் பழகாத ஒருவர் படம் எடுக்கக் குனிகிறார். காலில் மாட்டிய துடுப்பு பின்னால் வீசுகிறது. கொம்புப் பவளத்தின் நுனி முறிகிறது. அடிமணல் கிளம்பிப் பக்கத்துப் பவளத்தின் மேல் படிகிறது. மணலைத் தள்ள பாலிப் சளியைச் சுரக்க வேண்டும், முறிந்த இடத்தில் திசுவை வளர்க்க வேண்டும். இரண்டுக்கும் தேவையான தெம்பு அதனிடம் இல்லை. ஆறாத காயம் நோய்க்கு வழிவிடுகிறது. தாய்லாந்தின் கோ தாவ் தீவில் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் 79 சதவீதப் பவளங்கள் நலமாக இருந்தன. கூட்டம் மொய்க்கும் இடங்களில் அது 45 சதவீதம்தான். நோயோ மூன்று மடங்கு.

ஆனால் பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 2016இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் வெளிறியபோது மிக மோசமாக அடிவாங்கியது அதன் வடபகுதி. சுற்றுலாப் பயணிகள் அதிகம் எட்டிப்பார்க்காத, மாசும் குறைந்த பகுதி அது. மீன்பிடிப்புக்குத் தடை இருந்த இடங்களும் கடுஞ்சூட்டுக்குத் தப்பவில்லை என்று அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. சூட்டைத் தடுக்கும் சக்தி எந்தப் பூங்கா எல்லைக்கும் இல்லை.

சேதம் மனிதக் கையால் வந்திருந்தால் கதை வேறு. தாய்லாந்தின் பீ பீ தீவுகளில் உள்ள மாயா விரிகுடா, லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த 'தி பீச்' படத்தால் உலகப் புகழ் பெற்ற இடம். நாளொன்றுக்கு 5,000 பேர்வரை அங்கே போய் இறங்கினார்கள். நங்கூரங்களும் படகு விசிறிகளும் பவளத்தை நொறுக்கின. 2018 ஜூனில் நான்கு மாதத்துக்கு என்று மூடப்பட்ட விரிகுடா, 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இடையில் ஆயிரக்கணக்கான பவளத் துண்டுகள் அங்கே நடப்பட்டன. ஆழம் குறைந்த கரையோர நீருக்குக் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பின. இப்போது படகுகள் தீவின் பின்புறம்தான் நிற்க வேண்டும். விரிகுடாவில் நீந்தத் தடை. ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் முழு விடுமுறை.

மூடுவதால் வரும் வேறொரு சிக்கல் வரைபடத்தில் தெரியாது. டைவிங்குக்குப் பணம் கட்டியவர் இந்த இடம் இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போவார். கரீபியக் கடலின் பொனேர் தீவை 1990களில் ஆராய்ந்தவர்கள், ஓர் இடம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 முதல் 6,000 முக்குளிப்புகளைத் தாங்கும் என்று மதிப்பிட்டார்கள். அதற்கு மேல் போனால் சேதம் வேகமெடுக்கும். ஆகவே பத்து இடங்களை மூடி, கூட்டத்தை மிச்சமிருக்கும் ஐந்தில் அடைத்தால், அந்த ஐந்தும் வரம்பைத் தாண்டிவிடலாம். தினமும் இறங்கும் டைவிங் குழு அறுந்த வலையையும் திருட்டு மீன்பிடிப்பையும் முதலில் பார்க்கும் கண்ணும்கூட. மூடிய இடத்தில் ரோந்துப் படகு வராவிட்டால் அந்தக் கண்ணும் போய்விடும்.

ஆக, வெளிறல் கண்ட இடங்களைக் குறிப்பிட்ட காலம் மூடுவது நியாயம்தான். பவளம் தேறியதா என்று அளந்து பார்த்துத் திறக்க வேண்டும், பக்கத்து இடங்களின் கூட்டத்தையும் எண்ண வேண்டும். மற்ற நாட்களில் டைவரைத் திருத்துவதே பலன் தரும். எகிப்தின் ராஸ் முகம்மது பூங்காவில் நடந்த 1997ஆம் ஆண்டு ஆய்வில், விரிவான விளக்க வகுப்புக்குப் பிறகு, ஏழு நிமிடத்தில் 1.4 முறை பாறையைத் தொட்ட டைவர்கள் 0.4 முறையாகக் குறைத்துக்கொண்டார்கள். கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் நடந்த ஆய்விலோ, படகில் சொன்ன ஒருவரி அறிவுரை எடுபடவில்லை. நீருக்கடியில் வழிகாட்டி குறுக்கிட்டுத் திருத்தியதுதான் எடுபட்டது.

தாய்லாந்தும் 2025 ஏப்ரலில் அந்தத் திசையில் நகர்ந்தது. பவளப் பகுதியில் கேமராவோடு இறங்க, மேல்நிலைப் பயிற்சிச் சான்றிதழோ 40 முறை முக்குளித்த பதிவோ வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. படகில் ஏறும்போது அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியவர், டிக்கெட் விற்று வருமானம் பார்க்கும் அதே டைவிங் நிறுவனத்தின் ஊழியர்தான்.