நெடுவழி மிதிவண்டிப் பயணமும் இடைவெளிப் பயிற்சியும்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பிரெஸ்ட் நகருக்குச் சென்று மீளும் மிதிவண்டிப் பந்தயம் 1891ஆம் ஆண்டில் தொடங்கியது. 1931 முதல், பந்தய வீரர் அல்லாத பொழுதுபோக்கு மிதிவண்டியாளருக்கும் அவ்வழியில் இடம் கிடைத்தது. இந்நாளில் அது பந்தயமன்று. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் நெடும்பயணம். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவை மிகுந்தால் 90 மணி நேரத்திற்குள் கடக்க வேண்டும். அதற்கு முன் 200, 300, 400, 600 கிலோமீட்டர்ப் பயணங்களை முறையே 13½, 20, 27, 40 மணி நேரத்திற்குள் முடித்துத் தகுதி பெறுதல் வேண்டும்.

இருநூறு கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் என்றால், மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு மெதுவான பயணத்திற்கு விரைந்து மிதிக்கும் பயிற்சி எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. ஆனால் உணவு, ஓய்வு, பழுது ஆகிய அனைத்தும் அந்த நேரத்திற்குள் அடங்கும். அன்றியும், பாதை எங்கும் சமமாக இராது. பிரித்தானிப் பகுதியில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். சமவெளியில் தம் ஆற்றலில் பாதியைச் செலவிடுபவர், மேட்டில் ஏறும்போதும் எதிர்காற்றிலும் ஏறக்குறைய முழுவதையும் செலவிட நேரிடும். கடுமையாக உழைக்குந்தோறும் தசைகளில் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்து விரைந்து கரைகிறது. அச்சேமிப்போ சிறிது. அதனால்தான் காலையில் உற்சாகமாகப் புறப்பட்டவர் சிலர் மாலையில் கால் தளர்ந்து நின்றுவிடுகின்றனர்.

இதற்கு வழி, உடலின் உச்ச ஆற்றலை உயர்த்துவதாகும். உச்சம் உயர்ந்தவருக்கு அதே மேடு, தம் ஆற்றலில் குறைந்த பங்கையே கேட்கும். மெதுவாக நெடுநேரம் மிதிப்பது ஓரளவுக்கு இவ்வுச்சத்தை உயர்த்தும். பின்னர் வளர்ச்சி மந்தமாகும். அந்நிலையில் உதவுவது இடைவெளிப் பயிற்சி. சிறிது நேரம் கடுமையாக உழைத்து, சிறிது நேரம் இளைப்பாறி, மீண்டும் உழைப்பதே அதன் முறை.

இம்முறையை 1930களில் ஜெர்மனியில் ஒழுங்குபடுத்தியவர்கள் பயிற்சியாளர் வோல்டமர் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் ஆவர். கெர்ஷ்லரிடம் பயின்ற ருடோல்ப் ஹார்பிக், 1939இல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். அச்சாதனை 1955 வரை முறியடிக்கப்படவில்லை.

உழைப்பைத் துண்டுபடுத்துவதால் விளையும் பயனைச் சுவீடன் நாட்டு உடலியல் அறிஞர் ஆஸ்ட்ராண்டும் அவருடைய குழுவினரும் 1960இல் வெளியிட்ட ஆய்வு விளக்கியது. ஆய்வுக்கூட மிதிவண்டியில், இடைவிடாது மிதித்தால் ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களில் ஒருவரைக் களைப்படையச் செய்யும் சுமை வைக்கப்பட்டது. அரை நிமிடம் மிதித்து அரை நிமிடம் ஓய்ந்தபோது, அவரே அச்சுமையுடன் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். உழைப்பும் ஓய்வும் மும்மூன்று நிமிடங்களாக நீண்டபோதோ, அவர் மிகவும் களைத்துப் போனார். ஆகவே, உழைப்பின் கடுமை மட்டுமன்று, அதனை எவ்வாறு பகுக்கிறோம் என்பதும் முதன்மையானது.

நார்வே நாட்டில் ஹெல்கெரூட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஓட்டப் பயிற்சி ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கிற்று. நாற்பது ஆடவர் நான்கு குழுவினராகி, வாரம் மும்முறையாக எட்டு வாரங்கள் பயின்றனர். மொத்த உழைப்பு எல்லாக் குழுவினருக்கும் ஒத்ததாகவே அமைந்தது. நான்கு நிமிட இடைவெளிப் பயிற்சி செய்தவர்களிடம், உடல் ஏற்கும் பிராணவாயுவின் உச்ச அளவு 7.2 விழுக்காடு உயர்ந்தது. சீராக ஓடியவர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு காணப்படவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு மிகுந்ததே இவ்வுயர்வுக்குக் காரணம்.

மிதிவண்டியாளர் இதனைக் கையாளும் முறை எளியது. முதலில் பதினைந்து நிமிடம் மெல்ல மிதித்து உடலைச் சூடேற்றல் வேண்டும். பின்னர், போக்குவரத்து இல்லாத சிறு ஏற்றத்திலோ நிலைமிதிவண்டியிலோ நான்கு நிமிடம் கடுமையாக மிதித்தல் வேண்டும். அடுத்து மூன்று நிமிடம் இலேசாக மிதித்து இளைப்பாற வேண்டும். இவ்வாறு நான்கு முறை செய்து, இறுதியில் பத்து நிமிடம் மெல்ல மிதித்து முடிக்கலாம். கடுமை என்பது இரண்டொரு சொல்லுக்கு மேல் பேச இயலாத நிலை. 220இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைக் கணிக்கும் வழக்கம் உண்டு. அக்கணக்கு பத்துத் துடிப்புக்கு மேலும் பிழைபடக்கூடும். ஆதலின் பேச்சே நல்ல அளவுகோல்.

இப்பயிற்சி வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும். அடுத்தடுத்த நாட்களில் செய்தல் ஆகாது. ஏனைய நாட்களில், தடையின்றிப் பேசிக்கொண்டே செல்லத்தக்க மெதுவான பயணமே ஏற்றது. முதல் சுற்றிலேயே முழு ஆற்றலையும் செலவழித்தல், இளைப்பாறும் நேரத்தைக் குறைத்தல், மெதுவான நாளையும் கடுமையாக்குதல் ஆகிய மூன்றும் பலர் செய்யும் பிழைகள். உடல் வலுப்பெறுவது உழைக்கும்போது அன்று, உழைத்தபின் ஓயும்போதே. இளைப்பாறுதலைச் சோம்பல் என்று எண்ணுபவர் பயிற்சியின் பாதியை இழக்கின்றனர்.

நெஞ்சுவலி, இரத்த அழுத்தம், நீரிழிவு உடையோரும், நெடுங்காலம் உடற்பயிற்சி இன்றி இருந்த நடுவயதினரும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. புதிதாகத் தொடங்குவோர் முதல் இரண்டு மாதம் மெதுவாகவே மிதித்துப் பழக வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், அதே உழைப்புக்கு நாடி விரைந்து துடிக்கும். எனவே விடியற்காலையே உகந்த வேளை. நீரும் சிறிது உப்பும் தேவை.

இடைவெளிப் பயிற்சி நெடும்பயணத்துக்கு மாற்றன்று, அதற்குத் துணையே. இருக்கையில் பல மணி நேரம் அமரும் பழக்கமும், வழியில் உண்ணும் முறையும், இரவில் செல்லும் தெளிவும் சாலையில்தான் கைவரும். ஆயினும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கியவர், நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் எதிர்ப்படும் மேட்டைக் கண்டு மலைக்கமாட்டார்.